ஒன்பது சிவப்பு வரிகள்

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்து பேர் நான் பெற்றவர்கள், இரண்டு பேர் என் தங்கை விட்டுப் போனவர்கள். ஏழு பேருக்கும் சட்டை தைத்தது இந்தக் கை. ஏழு பேருக்கும் குளிர்த் தொப்பி பின்னியதும் இந்தக் கைதான். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். நான் செய்த பிழை இந்தப் பெருமையிலிருந்து வந்ததுதான்.

நடந்தது போன குளிர்காலம், தைப்பொங்கல் முடிந்த கையோடு, ஜேர்மனியில் எசன் நகரத்தில் நான் இருக்கிற வீட்டில். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். இந்த நாட்டு டொச் எழுத்து எனக்கு வெறும் கோடும் வளைவும். இதையும் நான் சொல்லச் சொல்ல மூத்த மகளின் மகள் கணினியில் அடிக்கிறாள். எழுத்துப் பிழை இருந்தால் அது அவளுடையது. மற்றப் பிழையெல்லாம் என்னுடையது.

பின்னலை நான் ஊரில் பழகவில்லை. ஜேர்மனிக்கு வந்த முதல் குளிர்காலத்தில், அகதிகளை வைத்திருந்த விடுதியில், பக்கத்து அறையில் இருந்த ஒரு போலந்துக்காரி பழக்கினாள். அவளுக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவள் பாஷை தெரியாது. கண்ணியை இறுக்கிப் போட்டால் என் புறங்கையில் ஊசியால் ஒரு தட்டு. சரியாகப் போட்டால் ஒரு பிஸ்கட். ஒரு மாதத்தில் காலுறையின் குதி வரைக்கும் பின்னப் பழகிவிட்டேன். பிஸ்கட்டும் நிறையச் சாப்பிட்டேன்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் பிறந்தநாளோ, கலியாணமோ, பிறந்த பிள்ளைக்கு முப்பத்தோராம் நாள் சடங்கோ, என் பரிசு கைவேலைதான். கடையில் வாங்கிக் கொடுக்க எனக்கு மனம் வராது. ஒரு பழக்கமும் உண்டு. யார் செய்த கைவேலையைக் கண்டாலும் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பேன். முன்பக்கத்தை எல்லாரும் வடிவாகச் செய்வார்கள். முடிச்சு எங்கே கிடக்கிறது, நூல் எங்கே ஓடுகிறது, அவசரப்பட்டாளா, ஆறுதலாகச் செய்தாளா என்பதெல்லாம் பின்பக்கத்தில்தான் தெரியும்.

எனக்கு மட்டும் ஒருவரும் கையால் செய்து எதுவும் தருவதில்லை. வாசனைச் சோப்பு வரும், சொக்லேட் பெட்டி வரும், செருப்பு வரும். ஏனென்று நான் யோசித்ததே இல்லை. இதை அடிக்கிற பேத்தி இப்போதுதான் சொல்கிறாள்: “அம்மம்மா, எல்லாருக்கும் பயம். நீங்கள் திருப்பிப் பாப்பியள்.”

சரி, கதைக்கு வருகிறேன்.

போன வருஷம் ஐப்பசியில் எனக்கு நுரையீரலில் சளி கட்டி மூச்சு எடுக்க ஏலாமல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து நித்திரையாக்கி, தொண்டைக்குள் குழாய் போட்டு வைத்திருந்தார்கள். பத்தொன்பது நாள். அந்த நாட்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கனவுகூட இல்லை. கண் விழித்தபோது என் கைவிரல் நகம் வளர்ந்திருந்தது. அதைப் பார்த்துத்தான், நாள் போயிருக்கிறது என்று விளங்கியது. அதன் பிறகு சாதாரண அறை. அதற்குப் பிறகு நடக்கப் பழக்குகிற ரேஹா நிலையம். எல்லாமாக ஒன்பது கிழமை, இரண்டு மாதத்துக்கு மேல். மார்கழி கடைசியில்தான் வீட்டுப் படி ஏறினேன்.

அந்தப் பத்தொன்பது நாளும் என்ன நடந்தது என்று பிள்ளைகளைக் கேட்டேன். “விடுங்கோ அம்மா, இப்ப சுகம்தானே” என்றார்கள். கனடாவில் இருக்கிறவனும் அதைத்தான் சொன்னான், பக்கத்துத் தெருவில் இருக்கிறவளும் அதைத்தான் சொன்னாள். ஏழு பேரும் பேசி வைத்த மாதிரி ஒரே பதில். எனக்கு அது பெரிய கடுப்பு. என்னுடைய பத்தொன்பது நாள், மற்ற எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது என்றால் எப்படி? காணாமல் போன சாமானைத் தேடுகிற மாதிரி அதையே தேடிக்கொண்டிருந்தேன்.

என் இரண்டாவது மகன் கட்டியது ஒரு டொச்சுக்காரப் பிள்ளை. பல் வைத்தியரிடம் உதவியாளாக வேலை செய்கிறாள். கட்டி ஆறு வருஷம். குணமான பிள்ளைதான். ஆனால் எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் கதை ஓடாது. அவளுக்குத் தெரிந்தது மகன் சொல்லிக் கொடுத்த தமிழ். எனக்குத் தெரிந்த டொச் கடைக்கும் பஸ்ஸுக்கும்தான் காணும், அதற்கு மேல் போதாது. சாப்பிட்டாச்சா, குளிருதா, போயிட்டு வாறன். இந்த மூன்றோடு ஆறு வருஷத்தை ஓட்டிவிட்டோம்.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தனியாக வந்தாள். மகனுக்கு அன்றைக்கு வேலை. கையில் மண்ணிறக் கடதாசியில் சுற்றிய ஒரு பொதி.

“மாமி, இது நான் செய்தது. உங்களுக்கு.”

இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றினேன். அலுமாரிக்கு மேல் வைத்தேன். போய்த் தேத்தண்ணி போட்டேன்.

எங்கள் முறை அதுதானே. தந்தவர் இருக்கும்போது பொதியைப் பிரித்தால், ‘காணாததைக் கண்ட மாதிரி’ என்று ஆகிவிடும். வந்தவர் போன பிறகுதான் பிரிப்போம். அவள் தேத்தண்ணியைக் குடித்தாள். அலுமாரியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஒரு வடை சாப்பிட்டாள். மறுபடியும் அலுமாரியைப் பார்த்தாள்.

“மாமி, பாக்கேல்லையா?”

“பிறகு பாக்கிறன் பிள்ளை. என்ன அவசரம்?”

மரியாதையாகத்தான் சொன்னேன். அவள் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். கையுறையை ஒருதரம் போட்டாள், கழற்றினாள், பிறகும் போட்டாள். அப்புறம் போய்விட்டாள்.

இந்த நாட்டில் பரிசைத் தந்தவர் கண் முன்னாலேயே பிரித்துப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. பேரப்பிள்ளைகளின் பிறந்தநாளில் பார்த்திருக்கிறேன். ஆனால் அது சின்னப் பிள்ளைகளுக்கு உள்ள பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன்.

அவள் பஸ்ஸில் ஏறுவதை ஜன்னலால் பார்த்துவிட்டுப் பொதியைப் பிரித்தேன். உள்ளே ஒரு கம்பளிச் சால்வை. தோளைச் சுற்றிப் போட்டால் முழங்கை வரை வரும். அதோடு ஒரு சின்ன அட்டை. அட்டையில் கலர்ப் பென்சிலால் தீட்டிய ஐந்து பொட்டு, ஒவ்வொரு பொட்டுக்கும் பக்கத்தில் டொச்சில் இரண்டு மூன்று சொல். நூலை எப்படித் துவைக்க வேண்டும் என்று கடையில் தருகிற அட்டையாக்கும் என்று மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டேன்.

சால்வையை எடுத்ததும் கை தானாகவே திருப்பியது. திருப்பி என்ன? இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. புதிதாகப் பழகுகிறவர்கள் போடுகிற பின்னல் அது, அதற்குப் பின்பக்கம் என்று ஒன்று கிடையாது. ஆகவே கண்ணிகளைப் பார்த்தேன். கீழே கழுத்தை நெரிக்கிற மாதிரி இறுக்கம். ஊசி எப்படித்தான் நுழைந்ததோ. மேலே போகப் போகத் தளர்ந்து, உச்சியில் அரிதட்டு மாதிரி ஓட்டை. ஓரம் முழுக்க முடிச்சு.

அதையெல்லாம்கூட விடலாம். என்னை உலைத்தது நிறம். ஒவ்வொரு நிறமும் ஊசியில் ஒருதரம் போய் ஒருதரம் திரும்பி வந்து ஒரு வரியாக இருந்தது. அடியில் நீலம் நீலமாக வந்து, இடையில் இரண்டு இடத்தில் சாம்பல். அதற்கு மேலே ஒரு ஒழுங்கும் இல்லை. பச்சை, பச்சை, மஞ்சள், பச்சை, சிவப்பு. பிறகு மஞ்சள். பிறகு சிவப்பு, அடுத்தும் சிவப்பு. பிறகு பச்சை நாலு.

ஒரு கிழமை அதை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தேன். நூல் முடிந்துபோய் மிச்சத்தைப் போட்டாளா? அப்படியென்றால் முடிந்த நிறம் மறுபடி எப்படி வந்தது? கண்ணுக்கு நிறம் பிடிபடாதா? பல்லின் நிறம் பார்த்து வேலை செய்கிறவளுக்குக் கம்பளியின் நிறமா தெரியாது? டெலிவிஷன் பார்த்துக்கொண்டு பின்னினாளா? எண்ணிப் பார்த்தேன். எழுத்துத்தான் எனக்கு வராது, எண்ணிக்கை பிழைக்காது. மொத்தம் அறுபத்து மூன்று வரி. நீலம் பதினேழு, சாம்பல் இரண்டு, பச்சை இருபது, மஞ்சள் பதினைந்து, சிவப்பு ஒன்பது. ஒரு ஓலைப் பாய்க்குக்கூட நிறத்துக்கு ஒரு கணக்கு இருக்கும். இதில் ஒரு கணக்கும் பிடிபடவில்லை. படுத்தால் கண்ணுக்குள் பச்சையும் மஞ்சளும் ஓடியது.

பேத்தியைக் கேட்டிருக்கலாம். மகனுக்கு ஒரு போன் எடுத்திருக்கலாம். கைவேலை விஷயத்தில் நான் யாரிடமும் போய்க் கேட்டவளில்லை. அவ்வளவுதான் காரணம்.

அந்தக் குளிருக்குச் சால்வையைக் கோயிலுக்குப் போட வேண்டும் என்று ஆசை. மருமகள் செய்தது என்று நாலு பேருக்குக் காட்டலாம். ஆனால் சிவப்பு இருக்கிறதே. என் கணவர் போய்ப் பதினொரு வருஷம். வெள்ளை மட்டும்தான் உடுப்பேன் என்று இல்லை, ஆனால் சிவப்பு உடுப்பதில்லை. யாரும் சொல்லி நிறுத்தியதில்லை, நானாக நிறுத்தியது. ஒன்பது சிவப்பு வரியைத் தோளில் போட்டுக்கொண்டு கோயில் வாசலில் எப்படி நிற்பது? போடாமல் விட்டாலோ அந்தப் பிள்ளையின் மனம் நோகும்.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. சிவப்பை எடுத்துவிட்டு, மற்ற நிறங்களை ஒழுங்குபடுத்தி, கண்ணியைச் சமமாக்கி, அதே நூலில் அதே சால்வையை வடிவாக்கி வைத்தால் அவளுக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். நான் ஒரு உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு ஒரு துளி வெட்கமும் இருக்கவில்லை.

பின்னலைத் தொடங்கிய முனையிலிருந்து கழற்ற வராது, சிக்கிக்கொள்ளும். முடித்த முனையிலிருந்துதான் கழற்றலாம். கடைசியாகப் போட்டது முதலில் வரும். முனையைத் தேடி எடுத்து இழுத்தேன். அதுபாட்டுக்கு வந்தது. நிறம் மாறுகிற இடத்தில் முடிச்சை அவிழ்ப்பேன், அந்தந்த நிறத்து உருண்டையில் சுற்றுவேன். இரண்டு பின்னேரம் போனது. நீலம் தொடங்குகிற இடம் வந்ததும் நிறுத்தினேன். அந்தப் பகுதி கொஞ்சம் ஒழுங்காக இருந்தது. அடிக்கு அது இருக்கட்டும், வேலையும் மிச்சம் என்று விட்டேன். பிறகு கண்ணிகளை என் ஊசியில் ஏற்றி, இரண்டு பச்சை ஒரு மஞ்சள், இரண்டு பச்சை ஒரு மஞ்சள் என்று ஒரு சாண் அளவு பின்னினேன். அச்சில் வார்த்த மாதிரி வந்தது. சிவப்பு உருண்டையைப் பேத்தியின் தொப்பிக்கென்று தனியே எடுத்து வைத்தேன்.

அடுத்த ஞாயிறு மகனும் மருமகளும் வந்தார்கள். அவர்கள் கோட்டைக் கழற்றும் முன்பே ஊசியோடு தூக்கிக் காட்டினேன்.

“பார் பிள்ளை, எப்பிடி வடிவாக்கிப்போட்டன்!”

அவள் கிட்ட வந்தாள். நான் பின்னிய ஒரு சாணைத் தொடவில்லை. அடியில் இருந்த நீலத்தில் விரலை வைத்து, ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு மேலே வந்தாள். பத்தொன்பதில் விரல் நின்றது. அதற்கு மேலே போக இடமில்லாத மாதிரி நின்றது.

“சிவப்பு எங்க, மாமி?”

“நான் சிவப்பு போடுறேல்லைப் பிள்ளை. எடுத்துப்போட்டன்.”

மகன் என் கையையும் நூல் உருண்டைகளையும் மாறி மாறிப் பார்த்தான். “என்னம்மா செய்து வச்சிருக்கிறியள்? அட்டை பாக்கேல்லையோ?”

“எந்த அட்டை? துவைக்கிற அட்டையோ? லாச்சிக்குள்ள கிடக்கு.”

அவன் லாச்சியைத் திறந்து எடுத்தான். நின்றபடி வாசித்தான். நீலம், நித்திரை. சாம்பல், எல்லாரையும் வரச்சொன்ன நாள். பச்சை, கண் முழிச்சது, இல்லாட்டி ஏதாவது சாப்பிட்டது. மஞ்சள், கதைச்சது. சிவப்பு, ஏசினது.

எனக்கு இன்னும் பிடிபடவில்லை. “ஆர் ஏசினது?” என்று கேட்டேன்.

“நீங்கள்தான். வேற ஆர்? அம்மா, இவ ஒவ்வொரு நாளும் வேலை முடிஞ்சு நேர உங்களிட்டத்தான் வந்தவ. உங்கட கட்டிலுக்குப் பக்கத்தில இருந்துதான் பின்னினவ, நீங்கள் முழிச்ச பிறகு உங்களுக்குத் தெரியாமல் அறைக்கு வெளியில இருந்து. ஊசி பிடிக்கவே தெரியாது. போனில பாத்துப் பாத்துப் பழகினவ. ஒரு நாளைக்கு ஒரு வரி.”

ஒன்பது கிழமை. அறுபத்து மூன்று நாள். என் கையால் எண்ணியும் எனக்கு அது ஓடவில்லை.

நிமிர்ந்து பார்த்தால் மருமகளைக் காணவில்லை. பால்கனிக் கதவு திறந்திருந்தது. கோட்டும் இல்லாமல் வெளியே நின்றாள். முதுகு மட்டும் தெரிந்தது.

நான் கதிரையில் இருந்தபடி மடியில் கிடந்ததைப் பார்த்தேன். ஒரு மாதமாக எல்லாரிடமும் கேட்டுத் திரிந்த பத்தொன்பது நாள் என் மடியில் கிடந்தது. நான் வளர்த்த ஏழு பேரும் சொல்லாமல் விட்டதை, என்னோடு மூன்று வசனத்துக்கு மேல் கதைக்காதவள் ஒருத்தி, எனக்குத் தடக்காமல் வாசிக்கத் தெரிந்த ஒரே எழுத்தில் எழுதித் தந்திருக்கிறாள். நான் அதை வாசிக்காமல் திருத்தியிருக்கிறேன்.

இரண்டு சாம்பல் வரியையும் தடவினேன். சால்வையிலேயே ஆக இறுகிய கண்ணிகள் அங்கேதான் இருந்தன. ஊசி முனைகூட நுழையாது. பழக்கமில்லாததால் இறுக்கிவிட்டாள் என்று நினைத்தேனே. பின்னுகிற எவளுக்கும் தெரியும், மனம் இறுகினால் கண்ணி இறுகும். எனக்கும் தெரியும். நாற்பது வருஷமாகத் தெரியும்.

“இந்த ரெண்டு நாளும்?” என்று கேட்டேன்.

மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். “டொக்டர்மார் எங்கள் எல்லாரையும் வந்து பாக்கச் சொன்னவை” என்றான்.

“அவளை உள்ளுக்குக் கூப்பிடு. குளிருக்குள்ள நிக்கிறாள்.”

அவள் வந்தாள். கண் சிவந்திருந்தது. மன்னிப்புக் கேட்கிற டொச் சொல் பஸ்ஸில் காலை மிதித்தால் சொல்வதுதான் எனக்குத் தெரியும், அது இதற்குக் காணாது. ஊசியை உருவினேன். அச்சில் வார்த்த மாதிரி வந்த என் ஒரு சாண் பின்னலை அவள் கண் முன்னால் இழுக்கத் தொடங்கினேன்.

“மாமி, வேண்டாம்! அது வடிவு.”

“வடிவு கிடக்கட்டும். இரு இஞ்ச, எனக்குப் பக்கத்தில.”

நீலத்துக்கு மேலே ஒன்றும் மிஞ்சாமல் கழற்றி முடித்தேன். கண்ணிகளை மறுபடி ஊசியில் ஏற்றி, ஊசியை அவள் கையில் கொடுத்தேன்.

“சொல்லு பிள்ளை. இருபதாம் நாள் என்ன நிறம்?”

அவள் மகனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “பச்சை” என்றாள். “மாமி கண் திறந்தது.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பின்னல் கடைசி முனையிலிருந்துதான் கழன்று வரும். அதனால் நான் கழற்றியது முழுக்க நான் விழித்திருந்த நாட்கள். நானும் இருந்த நாட்கள். அவற்றை நாங்கள் இரண்டு பேரும் ஞாபகப்படுத்தி எடுக்கலாம். எனக்குத் தெரியாத நாட்கள் மட்டும் அவள் பின்னியபடி அப்படியே இருந்தன. என் புத்தியால் தப்பியது என்று சொல்ல மாட்டேன். வேலை மிச்சம் என்று நான் நிறுத்திய இடம் அது.

நாலு ஞாயிற்றுக்கிழமை இருந்து பின்னினோம். ஒரு நாளுக்கு ஊசி ஒருதரம் போகும், ஒருதரம் வரும் என்று சொன்னேன் அல்லவா? போகிறது அவள் பின்னினாள், வருகிறது நான் பின்னினேன். மகன் நடுவில் இருந்து மொழிபெயர்த்தான். இரண்டாவது கிழமையோடு அவன் சோபாவில் நித்திரையாகிவிட்டான். நாங்கள் எழுப்பவில்லை. அவனில்லாமலே ஓடியது.

ஒவ்வொரு வரிக்கும் ஒரு வழக்கு. மூக்கைப் பிடித்துக்கொண்டு பாயாசம் மாதிரி ஏதோ குடித்த நாள் முப்பதா முப்பத்தொன்றா? நடைவண்டியைப் பிடித்துக் கதவு வரை போனது ரேஹாவுக்கு வந்த பிறகா, முந்தியா? அவளுக்கு வேலை நாட்கள் ஞாபகம். எனக்குச் சாப்பாடு ஞாபகம். இரண்டையும் பொருத்தினால் நாள் வந்துவிடும்.

“இருபத்திரண்டு மஞ்சள்” என்றாள் முதல் நாளே.

“அண்டைக்கு நான் என்ன கதைச்சனான்?”

அவள் நூலைத் தேடுகிற மாதிரிக் குனிந்தாள். அப்போது மகன் விழித்திருந்தான். அவனும் தலையைச் சொறிந்தான்.

“சொல்லடா.”

“குழாய் எடுத்த பிறகு முதல் முதல் கதைச்சது, அம்மா. இவவைப் பாத்து, ‘நீ போ, என்ர மகனை வரச்சொல்லு’ எண்டியள்.”

என் ஊசி நின்றுவிட்டது. இருபத்திரண்டு நாள் பக்கத்தில் இருந்தவளுக்கு என் வாயிலிருந்து வந்த முதல் வசனம் அது.

“அப்ப அது சிவப்பெல்லோ?” என்றேன். “ஏசினதுக்குத்தானே சிவப்பு?”

அவள் தலையாட்டினாள், இல்லையென்று. தன் தமிழில் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். “போ எண்டது விளங்கினது, மாமி. ஆனா மாமி கதைச்சது. முழு வசனம். நான் வெளிய போய் அழுதன். சந்தோஷம். அது மஞ்சள்.”

அந்த வரியை மட்டும் நான் பின்னவில்லை. போகிறதையும் வருகிறதையும் அவளே பின்னட்டும் என்று ஊசியை அவளிடமே விட்டேன்.

சிவப்புக்கு வந்தபோது வீடு சிரிப்பானது. “சிவப்பு ஏழுக்கு மேல இராது” என்றேன். “நீங்கள்தானே அம்மா எண்ணினது, ஒன்பது” என்றான் மகன். “வேணுமெண்டா இருபதும் போடலாம், நூல் காணாது.” உருளைக்கிழங்குச் சூப்பில் உப்பில்லை என்று கோப்பையைத் தள்ளிய நாள் ஒரு சிவப்பு. தாதிப் பிள்ளை எனக்குப் பக்க உச்சி பிரித்துத் தலை வாரி இழுத்த நாள் ஒரு சிவப்பு. நடக்கப் பழக்க வந்தவன் என்னைத் தோளில் தட்டி ‘கெட்டிக்காரி’ என்ற நாள் ஒன்று. ஏழு பிள்ளை வளர்த்தவளை ஒரு பொடியன் தோளில் தட்டுவதா?

மருமகள் சிவப்பு உருண்டையை மடியில் வைத்திருந்தாள். தொப்பிக்கு வைத்ததை நானேதான் எடுத்துக் கொடுத்தேன். “எனக்குச் சிவப்புத்தான் விருப்பம், மாமி” என்றாள். “நீலம் பயம். சிவப்பு வந்தா, மாமி திரும்பி வாறா எண்டு தெரியும்.”

இரண்டு நாளுக்கு மட்டும் இரண்டு பேருக்கும் ஞாபகம் வரவில்லை. என்ன செய்தேன், என்ன சாப்பிட்டேன், அவள் எத்தனை மணிக்கு வந்தாள், ஒன்றும் இல்லை. பச்சை போட்டோம். எப்படியும் ஏதாவது சாப்பிட்டிருப்பேன்.

முடித்து விரித்துப் பார்த்தால் சால்வை கோணல். அவள் கை தளர்வு, என் கை இறுக்கம், இரண்டும் ஒரு வரிக்குள் கிடந்து இழுக்கின்றன. ஒரு மூலை தூக்கிக்கொண்டு நிற்கிறது. நான் ஈரத்துணி வைத்து அழுத்திப் பார்த்தேன், படியவில்லை. விட்டுவிட்டேன்.

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை அதைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனேன். எனக்கு அறிமுகமான ஒருத்தி, என்னை விடக் கொஞ்சம் இளையவள், கிட்ட வந்து தோளைப் பார்த்தாள்.

“என்ன அக்கா, சிவப்பும் போடத் தொடங்கிட்டியளோ?”

“அது சிவப்பில்லை. நான் சூப்புக்கு ஏசினது” என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்த அன்றைக்குப் பூசைக்கு நேரமாகிவிட்டது. அவளும் இதை வாசித்தால் அறிந்துகொள்ளட்டும்.

இப்போது என்னிடம் யார் பொதி தந்தாலும் அவர் முன்னாலேயே பிரிக்கிறேன். திருப்பிப் பார்க்கிற பழக்கம் முழுக்கப் போகவில்லை, கை திருப்பத்தான் பார்க்கிறது. ஆனால் அதற்கு முன் ஒன்று கேட்கிறேன்: இதைச் செய்யும்போது எங்கே இருந்து செய்தாய்? அந்த ஒரு கேள்வியை அந்த ஞாயிற்றுக்கிழமை, அவள் கையுறையைப் போட்டுக் கழற்றிக்கொண்டு வாசலில் நின்றபோது, கேட்காமல் விட்டேனே என்பது இன்னும் எனக்குள் ஒரு முடிச்சாகக் கிடக்கிறது.

என்ன, அடிக்கிறதை நிப்பாட்டிப்போட்டாய்? முடிஞ்சுதடி பிள்ளை. எங்க, முதலில இருந்து ஒருக்கா வாசி பாப்பம். மெதுவா, நிறுத்தி நிறுத்தி வாசி, உன்ர டொச்சுக்கார மாமி குசினியில தேத்தண்ணி போட்டுக்கொண்டு நிக்கிறா, அவவுக்கும் விளங்க வேணும். ‘நீ போ’ எண்ட இடத்தை மட்டும் தாண்டி வாசிச்சிடாதை.